திருவாதிரைக் களியும் எழுகறியும்

மார்கழித் திங்களில் ஆதிரை விண்மீன் கூடிய நன்னாளில், தில்லைக் கூத்தப்பெருமானை நினைந்து களியும் எழுகறிக் குழம்பும் படைத்தல் தமிழகத்துச் சைவ இல்லங்களில் வழிவழியாக வரும் வழக்கமாகும். அன்று ஒரு வாய்க் களியேனும் உண்ணாதார் நரகுக்கு ஆளாவர் என்னும் பொருள்படப் பழமொழியொன்றும் பேச்சில் வழங்குகிறது. நரகத்தைக் காட்டி அச்சுறுத்தி உண்பிக்க வேண்டிய பண்டம் அன்று களி. பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, வெல்லப்பாகில் வேகவிட்டு, நெய்யும் தேங்காய்த் துருவலும் ஏலமும் கூட்டிக் கிளறிய அதன் மணமே போதும்.

இவ்வழக்கத்துக்குக் காரணமாகச் சேந்தனார் வரலாறு கூறப்பெறும். காவிரிப்பூம்பட்டினத்தில் பட்டினத்தடிகளின் கணக்கராக இருந்த அவர், அடிகள் துறவு பூண்டபின் கருவூலத்தைத் திறந்து யாவரும் எடுத்துச் செல்ல விட்டார். அதனால் சிறைப்பட்டுப் பின் விடுபட்டுத் தில்லையை அடைந்தார். விறகு வெட்டி விற்று, நாள்தோறும் ஓர் அடியார்க்கேனும் அமுதளித்த பின்னரே தாம் உண்டார். ஒருநாள் பெருமழை பெய்தது. ஈர விறகை வாங்குவார் இல்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி கிண்டி அடியார் வரவை எதிர்நோக்கியிருந்தார். அடியாராய் வந்தவர் அம்பலவரே என்பது, மறுநாள் சந்நிதியில் களி சிதறிக் கிடந்ததைத் தில்லைவாழந்தணர் கண்டபோது விளங்கிற்று என்பர். சேற்றில் அழுந்திய தேர் அவர் திருப்பல்லாண்டு பாடியபின் ஓடிற்று என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

ஒன்பதாம் திருமுறையில் உள்ள அத்திருப்பல்லாண்டில் ஆதிரை நாள் பேசப்படுகிறது, களி பேசப்படவில்லை. ஆதலின், களியைப் பற்றிய செய்தியை மரபு வழிச் செய்தியாகக் கொள்வதே முறை. அதனால் அதன் சிறப்புக் குறைந்துவிடாது. அரசன் படைத்த அறுசுவையை அன்றி, விறகு வெட்டி பிழைத்த ஓர் ஏழையின் மாவுணவை இறைவன் விரும்பி ஏற்றான் என்று ஒரு நாட்டார் நூற்றாண்டுக்கணக்காகச் சொல்லி வந்தனர் என்பதே பெரிய செய்தி.

திருவிழாவும் ஊட்டலும் பிரியாமல் வருவன என்பதற்குத் தேவாரம் சான்று பகர்கிறது. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மயிலையில் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகம் ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம் எனத் திருவிழாக்களை நிரல்படக் கூறுவது. ஆனால் அதன் முதற்பாட்டு எந்த விண்மீனையும் கூறவில்லை. அடியார்க்கு அமுதூட்டும் விழாவையே கூறுகிறது. தைப்பூசப் பாட்டிலோ நெய் கலந்த சோறே விழாவின் அடையாளமாக நிற்கிறது.

அச்சோற்றோடு இலையில் வேறென்ன இருந்தது என்பதைக் கல்வெட்டுக்களே அறிவிக்கும். அம்பாசமுத்திரத்துக் கோயிலில் வரகுண பாண்டியனின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. இளங்கோக்குடிச் சபையார் கையில் அவன் 290 காசு கொடுத்தான். காசுக்கு ஆண்டொன்றுக்கு 2 கலமாக 580 கலம் நெல் அளந்து, அதனால் திருவமுது நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வளவில் நில்லாது, அரிசி, கும்மாயத்துக்குப் பயறு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி, அவற்றுக்கு வேண்டும் காயம் என ஒவ்வொன்றையும் பிரித்து அளவிட்டு எழுதியிருக்கிறான். கும்மாயம் என்பது பயற்றை வேகவைத்துச் செய்யும் பண்டம். மணிமேகலையிலும் அப்பெயர் வருகிறது. சோறு ஒன்று, அதனைச் சூழ்ந்து பயறும் நான்கு வகைக் கறியும். இந்த அமைப்பே பிற்காலத்துத் திருவிழா உணவுக்கெல்லாம் அடிப்படை.

இவ்வமைப்பின் உடல்நலச் சிறப்பைக் கடந்த நூற்றாண்டின் உணவாராய்ச்சி விளக்கிற்று. அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் புரதமே உண்டு. பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம். பல இல்லங்களில் நடப்பது போல நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புச் சேர்த்தால், அந்த ஒரு பங்கு, நான்கு பங்கு அரிசி தரும் புரதத்தில் முக்காற் பங்கைத் தானே தந்துவிடுகிறது. அளவில் மட்டும் அன்று, தன்மையிலும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். புரதத்தின் கூறுகளுள் லைசின் என்பது அரிசியிற் குறைவு, பருப்பில் மிகுதி; மெத்தியோனின் என்பது பருப்பிற் குறைவு, அரிசியில் அதனினும் மிகுதி. இரண்டும் ஒரு பானையில் வெந்தால் உடல் தசையாக்கிக் கொள்ளத்தக்க நல்ல புரதம் அமைகிறது.

அரிசியின் உமியை அடுத்த தவிட்டில் பி1 உயிர்ச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியையே உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்ததையும் தவிட்டோடு கூடிய அரிசியால் தேறியதையும் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 1890களில் ஜாவாவிற் கண்டார். 1929இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் பகுதியில் பெரிபெரி நோய் நிலைத்திருந்தமைக்கும், புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாய் இருந்தமைக்கும் இதுவே காரணம். புழுக்கும்போது அச்சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. கோயில் நிவேதனத்துக்கோ புழுங்கல் ஆகாது, பச்சரிசியே வேண்டும். உலக்கையால் குத்திய காலத்தில் தவிட்டின் ஒரு பகுதி அதில் தங்கிற்று. ஆலை வந்தபின் அதுவும் போயிற்று. இந்நிலையில் களியிற் சேரும் பருப்பு, புரதத்தோடு பி1 சத்தையும் ஓரளவு மீட்டுத் தருகிறது.

எழுகறியின் செய்தி இன்னும் சுவையானது. பறங்கிக்காய், பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி என்பன பெரும்பாலும் கூடும் ஏழு. ஊருக்கு ஊர் மாறும். நெல்லைச் சீமையில் இதனைத் தாளகம் என்பர். எள்ளை வறுத்து அரைத்துச் சேர்ப்பர். எல்லாம் மார்கழி, தைத் திங்களில் தோட்டத்திற் கிடைப்பன. இவற்றுள் பறங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்கள். 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இங்கு இல்லை. பறங்கி என்னும் பெயரே அது வந்த வழியைச் சொல்லும். ஆகவே சேந்தனார் காலத்து ஏழு வேறாதல் வேண்டும். உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் இன்றும் விலக்கும் மடைப்பள்ளிகள் பல உள. பறங்கி எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. புகுந்ததும் நன்றே. அதன் மஞ்சள் நிறப்பொருள் கண்ணுக்கு வேண்டும் ஏ உயிர்ச்சத்தாக உடலில் மாறுவது. கொழுப்போடு சேர்ந்தாலன்றி நன்கு உட்செல்லாதது. களியின் நெய்யும் தேங்காயும் தாளகத்தின் எள்ளும் அவ்வேலையைச் செய்கின்றன. சேனையின் காறலைக் குழம்பின் புளி அடக்கும். வெல்லமும் சர்க்கரை இனமே என்பதை நீரிழிவுடையார் மறத்தலாகாது. எழுகறியை விட்டுக் களியை மட்டும் அள்ளி உண்பார் வழக்கத்தின் பாதியையே கைக்கொள்பவராவர்.

இத்துணை நிறைவான உணவு யாருக்குக் கிடைத்தது என்பதையும் எண்ண வேண்டும். 1920களில் குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன் என்னும் அறிஞர், இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கூடிய சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது; தீட்டிய அரிசியை மிகுதியாகவும் ஏனையவற்றைச் சிறிதாகவும் கொண்ட சென்னை மாகாணத்து ஏழை உணவு கடைசியில் நின்றது. அஃதாவது, அன்றாட இலையில் இல்லாத பருப்பும் நெய்யும் காயும் திருவிழா இலையிலேயே இருந்தன. அந்நெல்லை விளைத்த மக்களுட் பெரும்பகுதியினரோ கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். திருநாளைப்போவார் திருமேனியை உள்ளே வைத்து வழிபட்டுக்கொண்டே அவர் இனத்தாரைப் புறத்தே நிறுத்தியது சைவத்துக்குப் பெருமை ஆகாது. 1939இல் மதுரையிலும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணமெங்கும் அக்கதவு திறந்தது. 2002இல் அரசு கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று யாரும் பந்தியில் அமரலாம்.

பந்தி திறந்த காலத்தில் இலை சுருங்குதல் கூடாது. இக்காலத்து அறக்கட்டளைகள் பலவற்றில் தொகை மட்டுமே குறிக்கப்படுகிறது, பண்டம் குறிக்கப்படுவதில்லை. விலை ஏறுந்தோறும் முதலிற் குறைவது பருப்பு, அடுத்துக் காய், நெய் எண்ணெயாகும், வெல்லம் வெள்ளைச் சர்க்கரையாகும், சோறு மட்டும் குறையாது நிற்கும். ஆதிரை நாளுக்குக் கட்டளை வைக்கும் அன்பர்கள், கைக்குத்தல் பச்சரிசி இத்தனை படி, பாசிப்பருப்பு அதில் நான்கில் ஒரு பங்கு, துவரை இவ்வளவு, காய் ஏழு வகை என்று பத்திரத்தில் எழுதி வைக்கலாம். தொகை போதாத ஆண்டில் இலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதா, முதலைக் கூட்டுவதா என்பதையும் அதிலேயே குறிக்கலாம். வரகுணன் பயற்றையும் புளிங்கறியையும் பெயர் சொல்லிக் கல்லில் ஏற்றியது அடுக்களைக் கணக்குக்காகவே.