டீ வரிசை, கழிப்பறை வரிசை

டீ குடித்தால் உடம்பில் தண்ணீர் நிற்காது, எல்லாம் சிறுநீராகப் போய்விடும் என்று எங்கள் தளிப் பக்கம் சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2011இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் நாளுக்கு நான்கு முதல் ஆறு குவளை பால் சேர்த்த தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். அதே அளவு வெந்நீர் குடித்ததற்கும் அதற்கும் உடலின் நீர்ச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் பதின்மூன்று பானங்களை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. முதலாவதில் 21 பேர், அடுத்ததில் 72 பேர். அத்தனை பேரும் ஆண்கள்.

பெண்ணுடம்பில் தேநீர் வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதல்ல என் வாதம். இரண்டாவது ஆய்வில் மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்லி அளந்தார்கள். ஓசூரில் எந்த ஷிஃப்டில் அது நடக்கும்?

தொழிற்கூடத்துக்குள் டீ தானாக வரவில்லை. 1903இல் ஏற்றுமதித் தேயிலைமீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் டீக்குப் பிரசாரம் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் டீக்கடை போட இடம் தரும்படியும், குடிக்க நேரம் விடும்படியும் முதலாளிகளிடம் பேசினார்கள். களைப்பு நீங்கும், வேலை ஓடும் என்பதே பேச்சின் சாரம். தாகத்துக்கு எங்கள் பக்கம் உப்புப் போட்டுக் கரைத்த ராகிக் கூழும் மோரும் இருந்தன, அதுவும் சொம்புக் கணக்கில். கடை டீ கிளாஸில் நூறு மில்லி இருந்தால் அதிகம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் வைத்தது. குடிநீர் வைக்கும் இடத்தைக் கழிப்பறையிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வைக்கச் சொன்னது. அந்த இடத்தில், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் ‘குடிநீர்’ என்று எழுதச் சொன்னது. (தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் தளிக்காரிகளுக்கு எந்த மொழியில் எழுதுவார்களோ!) குடித்தவள் எழுந்து போக நேரம் எவ்வளவு என்று எழுதவில்லை.

1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. கம்பெனி பஸ் இப்போது தளிக்கும் வருகிறது. விடியற்காலைக் குளிரில் தாகமே தெரியாது. லைனில் எழுந்து போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் உட்கார மாற்று ஆள் வேண்டும். “தண்ணி ரொம்பக் குடிக்காதடி, டீயோட நிறுத்திக்கோ” என்று நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே ஒரு அக்கா சொல்லிவிட்டார். மாதவிடாய் நாட்களில் அந்த டீயும் கிடையாது. நீர்க்கடுப்போடு மருத்துவமனைக்குப் போனால், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புவார்கள்.

எங்களுக்கு இடைவேளை பத்து நிமிஷம். டீ வரிசையில் நின்றால் கழிப்பறை வரிசைக்கு நேரமிருக்காது. நான் பெரும்பாலும் டீ வரிசையில்தான் நின்றேன். தூக்கமாவது கலையும்.