வீட்டுக்குள்ள பூட்டு, சாவி மட்டும் வெளியூர்ல

மக்களே, இது கொஞ்சம் பொட்டி தட்டுற பதிவு. ஆனா சரித்திரமும் இருக்குங்க, பாதியில ஓடிடாதீங்க :-)

விஷயம் இதுதான். தாராபுரத்துல எங்க வீட்டு ஹால்ல ஒரு பழைய கம்ப்யூட்டர், மீடியா சர்வரா ஓடுது. தங்கச்சி கல்யாண வீடியோ, அப்பாவோட கேசட்டுல இருந்து ஏத்துன பாட்டு எல்லாம் அதுலதான். டிவியும் அதே ஹால்ல. நடுவுல பத்தடி. அந்தப் பத்தடிக்குப் பாதுகாப்பான இணைப்பு இல்லைன்னு டிவி அடம் புடிக்குது. ஏன்னு தோண்டினா 1995-க்குப் போகுது.

அந்த வருஷம்தான் நெட்ஸ்கேப் எஸ்.எஸ்.எல். 2.0-வை வெளியிட்டாங்க. அதுக்கு ஆதாரம் சான்றிதழ். "இந்தப் பேர் இவருடையதுதான்"னு மூணாவது ஆள் கையெழுத்து போடணும். பேங்க், கடை மாதிரி ஊரறிஞ்ச பேருக்கு இது சரி.

1996 பிப்ரவரியில ஆர்.எஃப்.சி. 1918 வந்துச்சு. 192.168-ல ஆரம்பிக்கிற முகவரியை யார் வேணும்னாலும் வீட்டுக்குள்ள வச்சுக்கலாம். நம்ம பக்கத்துப் புதுப்பாளையம் மாதிரி, எங்க பார்த்தாலும் ஒண்ணு இருக்கும். வெறும் "புதுப்பாளையம்"னு எழுதி இருப்பிடச் சான்று கேட்டா எந்த வி.ஏ.ஓ. குடுப்பாரு?

சான்றிதழ் கம்பெனிகள் குடுத்தாங்க! கடைசியில சி.ஏ./பிரவுசர் ஃபோரம் தடை போட்டுச்சு. இந்த மாதிரி முகவரிக்கு 2015 நவம்பர் 1-க்கு மேல செல்லுபடியாகிற சான்றிதழ் தரக்கூடாது, மிச்சத்தை 2016 அக்டோபர் 1-க்குள்ள ரத்து பண்ணணும். கெடுபிடின்னு நினைக்காதீங்க. 2014 ஜூலையில நம்ம என்.ஐ.சி. வழியா கூகுள் பேர்லயே அனுமதியில்லாத சான்றிதழ் வெளிய வந்துச்சு. கையெழுத்து பொய்யானா பூட்டும் பொய்தான்.

2015-ல பிளெக்ஸ் ஒரு சுத்து வழி கண்டுபுடிச்சாங்க. டிஜிசெர்ட்டோட சேர்ந்து, ஒவ்வொரு சர்வருக்கும் பிளெக்ஸ்.டைரக்ட்டுக்குக் கீழ தனிப் பேரு, தனிச் சான்றிதழ். பேரு வெளியுலகப் பேரு. டி.என்.எஸ்.ல கேட்டா வர்ற பதில் மட்டும் வீட்டு 192.168. நல்ல மூளை!

ஆனா வெளிப்பேரு உள்முகவரியைக் காட்டினா திருடன் வேலைன்னு சந்தேகப்படுறது அதுக்கு முன்னாடியே வந்த பழக்கம். கெட்ட வெப்சைட் ஒண்ணு தன் பேரை உங்க வீட்டு முகவரிக்குத் திருப்பி, உங்க பிரவுசரையே உளவாளி ஆக்கலாம். இதுக்கு டி.என்.எஸ். ரீபைண்டிங்னு பேரு. 1996-லயே பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் ஜாவாவை வச்சு இதைக் காட்டினாங்க, 2007-ல ஸ்டான்ஃபோர்ட்ல விரிவா அலசினாங்க. அதனால பல ரவுட்டர்கள் இந்த மாதிரிப் பதிலை முழுங்கிரும்.

சோதிக்கிறது சுலபம். சர்வரோட முழுப் பேரை ரவுட்டர்கிட்ட கேளுங்க, அப்புறம் 8.8.8.8 கிட்ட கேளுங்க. முன்னது மௌனம், பின்னது பதில்னா பெரும்பாலும் ரவுட்டர்தான். அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் விலக்கு குடுங்க. தடையை மொத்தமா எடுத்துறாதீங்க, அது இருக்கிறது உங்க நல்லதுக்கு.

ஒரு உறுத்தல் பாக்கி. நெட் போச்சுன்னா அந்தப் பேருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. சொந்த வீட்டுல சொந்த வீடியோ பார்க்க வெளியூர்ல கேட்கணும். நாமளே சான்றிதழ் தயாரிக்கலாம்தான், ஆனா வீட்டுல இருக்கிற ஒவ்வொரு கருவியும் அதை நம்பணும். நிறைய டிவி அதுக்கு இடமே குடுக்கறதில்லை.

பூட்டு செஞ்சவங்களும் நியாயமாத்தான் செஞ்சாங்க, காவல் போட்டவங்களும் நியாயமாத்தான் போட்டாங்க. வீட்டுக்காரனை மட்டும் ரெண்டு பேருமே கணக்குல சேர்க்கலை. உங்க வீட்டுல எப்படிச் சமாளிக்கிறீங்க, சொல்லுங்க.