டௌ புரதம் கண்டறியப்பட்ட கதை
நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்சானுக்குள் நுண்குழல்கள் ஓடுகின்றன. வளர்ச்சிக்கு வேண்டிய சரக்கைக் கொண்டுசேர்க்கும் தண்டவாளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் குழல் உருவாகிறது.

1975-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னர் குழுவினர் பன்றி மூளையிலிருந்து டியூபுலினைத் தனியே பிரித்தார்கள். சுத்தமான டியூபுலின் குழலாகச் சேரவே இல்லை! கூட இருந்த இன்னொரு புரதத்தைத் திரும்பக் கலந்ததும் குழல் உருவானது. அதுதான் டௌ.

1984-இல் மிச்சிசனும் கிர்ஷ்னரும், சில குழல்கள் வளரும்போதே வேறு சில திடீரெனச் சுருங்குவதைக் காட்டினார்கள். ஆக்சானின் முனை வழி தேட இந்த நிலையாமையும் வேண்டும்.

1906-இல் அல்சைமர் விவரித்த மூளை முடிச்சுகளில் இருப்பதும் டௌதான் என்று 1980-களில் தெரியவந்தது. மாணவர்களே, விடையில் இதை மறக்காதீர்கள்: குழலோடு ஒட்டியிருந்தால் டௌ துணை, கழன்று முடிச்சானால் நோயின் அடையாளம்.