மடு மாதா திருத்தலம்

மருதமடு எனவும் வழங்கும் மடு, இலங்கையின் மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் கத்தோலிக்கத் திருத்தலம். இங்குள்ள ஆரோக்கிய மாதாவின் திருச்சொரூபம் இந்த ஊருக்காகச் செய்யப்பட்டதன்று. அடைக்கலம் தேடி வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1670ஆம் ஆண்டளவில், மன்னார்ப் பகுதியில் உள்ள மாந்தை என்ற ஊரின் கத்தோலிக்கர்கள், ஏறத்தாழ இருபது குடும்பத்தினர், தங்கள் கோயிலில் இருந்த சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஒதுங்கினர் என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் பின்னர் அவர்களோடு சேர்ந்தனர்.

இன்றைய பெரிய கோயிலுக்கு யாழ்ப்பாண ஆயர் பொஞ்சான் 1872இல் அடிக்கல் நாட்டினார். திருத்தந்தையின் அனுமதியோடு 1924 ஜூலை 2 அன்று சொரூபத்துக்கு முடி சூட்டப்பட்டது. இவற்றைவிடச் சனங்களிடம் அதிகம் பேசப்படுவது மடு மண். பாம்புக்கடிக்கு மருந்தென நம்பி அதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். காட்டுவழியே நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்த காலத்தில் பாம்புப் பயம் சும்மா வந்த பயமல்ல.

உள்நாட்டுப் போரில் திருத்தலம் அகதி முகாமாயிற்று. 1990இல் ஆயிரக்கணக்கானோர் வளாகத்தில் தங்கினர். 1999 நவம்பரில் அங்கே எறிகணைகள் விழுந்து சுமார் 40 பேர் இறந்தனர். அரசுப் படையும் விடுதலைப் புலிகளும் பழியை ஒருவர்மேல் ஒருவர் போட்டனர். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கவே, குருக்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டி என்ற ஊருக்குச் சென்றனர். மாதா மறுபடியும் இடம்பெயர்ந்தார் என்றே தமிழர் அதைச் சொன்னார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று இங்கு வந்து, அதைக் கையில் ஏந்தி மக்களை ஆசீர்வதித்தார்.

ஜூலை 2 ஆடித் திருவிழா, ஆகஸ்ட் 15 ஆவணித் திருவிழா. பெருங்கூட்டம் ஆவணிக்குத்தான். கொடியேற்றத்திலிருந்தே குடும்பங்கள் மரநிழலில் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துத் தங்குகின்றன. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர்களும் திரளாக வருவதால் திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும். சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைத்து வருவதுண்டு. திருவிழாவுக்கு முதல்நாள் மாலை வேஸ்பர் எனப்படும் மாலை ஆராதனை. மறுநாள் திருப்பலி முடிந்ததும் சொரூபப் பவனி. ரயிலில் வருபவர்கள் தலைமன்னார்ப் பாதையில் மடு வீதி நிலையத்தில் இறங்க வேண்டும். கோயில் அங்கிருந்து தொலைவு, வாகனத்தில்தான் போக வேண்டும்.