மெரினாவில் சேர்ந்த மணலும் ராயபுரம் இழந்த கரையும்



ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் யாரைக் கேட்டாலும் "கடல் ஊருக்குள்ள வருது" என்பார்கள். அது தானாக வரவில்லை. அதற்கு 150 வருஷ வரலாறு உண்டு.

வகுப்பில் படித்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அலை தண்ணீரைச் சுமந்து வருவதில்லை, ஆற்றலைத்தான் கொண்டு வருகிறது. ஆழ்கடலில் நிற்கும் கட்டுமரம் அலைக்கு ஏறி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். கரைப்பக்கம் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே போனதும் அலைக்குத் தரை தட்டுப்படுகிறது. வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது, கடைசியில் உடைகிறது. அந்த ஆற்றல்தான் மணலைக் கிளப்புகிறது.

நம் கரையில் அலை பெரும்பாலும் சாய்வாகத்தான் வரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம்.

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் மசூலா படகில் கரை சேர்ப்பார்கள். அலையின் அடியில் உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதால், ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் திட்டப்படி கடலுக்குள் இரண்டு சுவர்கள் நீண்டன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாசலில் மணல் தூர்ந்துகொண்டே வந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். கணிதமேதை ராமானுஜன் 1912இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான்.

வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்த கடல் இன்று விலகி நிற்கிறது. வடக்கே ராயபுரத்தில் அலை ஓயவில்லை. இருந்த மணலை அது எடுத்துக்கொண்டு போனது, ஈடு செய்யத் தெற்கிலிருந்து புது மணல் வரவில்லை. வலை காயப்போட்ட மணலும் படகு ஏற்றிய கரையும் போயின, மீனவர் வீடுகளும் போயின. கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். போட்ட இடத்தில் கரை நின்றது, அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. எண்ணூரில் 2001இல் இன்னொரு துறைமுகமும் வந்தது.

வழி இல்லாமல் இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தருகே சேரும் மணலை அள்ளி வடக்குக் கரைக்கு அனுப்புகிறார்கள். சுவர் மறித்த மணலை மனிதன்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

உங்களில் பொறியாளர்களும் அதிகாரிகளும் பலர் இருக்கிறீர்கள். கடலில் கல் போடும் திட்டம் எதுவும் உங்கள் மேஜைக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: "இதற்கு வடக்கே அடுத்த குப்பம் எது?"

நலமாக இருங்கள்.