ஒளி ஊடுருவும் ஆன்டெனாவின் வரலாறு

ஒளி ஊடுருவும் ஆன்டெனா என்பது கைப்பேசி, கைக்கடிகாரம் போன்ற சிறு கம்பியில்லாக் கருவிகளின் திரைக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாதபடி அமைக்கப்படும் ஆன்டெனா ஆகும். திரை பெரிதாகி விளிம்பு சுருங்கச் சுருங்க, கருவியில் ஆன்டெனாவுக்கான இடம் குறைந்தது. உலோகச் சட்டமும் கருவியைப் பிடிக்கும் கையும் அலைகளைத் தடுத்தன. எனவே பொறியாளர்களின் கவனம் திரையின் மீது திரும்பியது.

அடிப்படைச் சிக்கல்

மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகங்கள் ஒளியை மறைக்கும். ஒளியை விடும் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டையும் செய்யும் பொருள் உண்டு என்பதை 1907இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் பேடெக்கர் காட்மியம் ஆக்சைடு படலத்தைக் கொண்டு காட்டினார். பின்னர் வந்த இண்டியம் டின் ஆக்சைடு, தொடுதிரைகளில் பரவலாகப் பயன்பட்டது. ஆனால் ஆன்டெனாவுக்கு அதன் மின்தடை மிகுதி. தடையைக் குறைக்கப் படலத்தைத் தடிமனாக்கினால் ஒளி குறையும். மெல்லியதாக்கினால் அலையின் ஆற்றல் வெப்பமாக வீணாகும்.

1997ஆம் ஆண்டு ஆய்வு

இத்துறையின் முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றை 1997இல் அமெரிக்காவின் நாசா லூயிஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரெய்னி சைமன்ஸ், ரிச்சர்ட் லீ ஆகியோர் வெளியிட்டனர். சைமன்ஸ் கரக்பூர், டெல்லி ஐஐடிகளில் பயின்றவர். மின்கடத்தும் பூச்சு கொண்ட தெளிந்த பாலியெஸ்டர் தாளில் அவர்கள் செய்த ஆன்டெனாக்கள் 2.3, 19.5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இயங்கின. கைப்பேசித் தொடர்புக்கு இவை உதவக்கூடும் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர்.

படலத்திலிருந்து வலைக்கு

அடுத்த திருப்பம், முழுப் படலத்தைக் கைவிட்டு நுண்ணிய உலோக வலையைப் பயன்படுத்தியது. முடியைவிடப் பன்மடங்கு மெல்லிய கோடுகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை; இடைவெளிகள் வழியே ஒளி செல்கிறது; உலோகம் என்பதால் தடையும் குறைவு. தென்கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொன்பின் ஹாங் குழுவினர், 2017இல் ஓஎல்இடி தொடுதிரைக்குள் இத்தகைய ஆன்டெனாவை அமைத்த ஆய்வையும், 2019இல் 5ஜி கைப்பேசிகளுக்கான 28 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா பற்றிய ஆய்வையும் வெளியிட்டனர்.

28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 1.07 செ.மீ. மட்டுமே, ஆன்டெனாவும் அதற்கேற்பச் சிறிதாகிறது. இதையும்விடக் குறுகிய, 5 மில்லிமீட்டர் அலைகள் வரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஆராய்ந்திருந்தார். அவர் அலைகளைத் திரட்டக் கையாண்டது, கண்ணெதிரே நின்ற உலோகக் கூம்பு. இன்றோ ஆன்டெனா கண்ணில் படாமலிருப்பதே அதன் வெற்றியாகக் கருதப்படுகிறது.