வலை வளர்ந்த கதை – 11: ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல்

இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட், 1969-ல் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம் எண் 1, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் 2, சான்டா பார்பரா 3, யூட்டா 4. ஓர் இடத்தில் இரண்டாவது கணினி வந்தால், முதல் எண்ணோடு 64-ஐக் கூட்டிக் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டாவது கணினிக்கு 65 வந்தது அப்படித்தான்.

இயந்திரங்களுக்கு எண்ணே போதும். உட்கார்ந்து தட்டச்சு செய்யும் மனிதர்களுக்குப் பெயர் வேண்டுமே! ஒவ்வொரு நிலையமும் தனக்குத் தோன்றிய பெயர்களை எழுதித் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. ஓர் இடத்துப் பட்டியல் இன்னோர் இடத்துக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் பொதுவான பெயர்கள் வேண்டும் என்று 1971-லேயே எழுதினார் மைட்டர் நிறுவனத்தின் பெக்கி கார்ப். ஆளுக்கொரு காலாவதிப் பட்டியலைக் கட்டி அழுவதை நிறுத்துங்கள் என்று 1973 டிசம்பர் கடைசியில் சாடினார் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தின் பீட்டர் டாய்ச். சில நாட்களிலேயே, 1974 ஜனவரியில், மென்லோ பார்க்கில் இருந்த நெட்வொர்க் தகவல் மையம் எல்லோருக்கும் பொதுவான பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பை ஏற்றது. அங்கே உருவான கோப்புதான் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி.

ஃபைன்லரின் அலுவலகம்

அந்த மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர், தோழர்களுக்கு 'ஜேக்'. வேதியியல் படித்தவர், வேதியியல் தகவல்களைத் தொகுக்கும் பணியிலிருந்து வந்தவர். புதிதாகக் கணினி வாங்கி வலையில் சேர்ப்பவர்கள் அவருடைய அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் கோப்பில் ஒரு வரி கூடும். மற்ற நிலையங்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கி, தங்கள் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும்.

சில டஜன் கணினிகள் இருந்தவரை இது அழகாக நடந்தது. 1981 ஆகஸ்டில் 213 கணினிகள். இரண்டே ஆண்டுகளில் 562. கணினி கூடக் கூடக் கோப்பும் நீளும், அதை இறக்குபவர்களும் பெருகுவார்கள். கணினிகள் இரட்டித்தால் கோப்பைச் சுமக்கும் பாரம் நான்கு மடங்கு. ஒரு கணினியின் எண் மாறினாலோ, புதிய கோப்பை இறக்காதவர்கள் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெயர்த் தகராறு வேறு. ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட பெயரை இன்னொன்று தொட முடியாது. தன் வளாகத்துக்குள் இருக்கும் கணினிக்குப் பெயர் வைக்கக்கூட மென்லோ பார்க்கின் சம்மதம் தேவைப்பட்டது. இங்கேதான் முடிச்சு. வேகமான கம்பி போட்டால் கோப்பின் பாரம் குறையலாம். பெயர் வைக்கும் உரிமை ஓரிடத்தில் குவிந்திருப்பதை எந்தக் கம்பியும் தீர்க்காது.

ஐந்தும் வேண்டாம்

தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல், இளைஞர் பால் மொகபெட்ரிஸிடம் இந்த முடிச்சை அவிழ்க்க வந்த ஐந்து யோசனைகளைக் கொடுத்து, இவற்றைச் சமரசம் செய்து ஒன்றாக்கு என்றார். மொகபெட்ரிஸ் ஐந்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார். 1983 நவம்பரில் அது ஆர்எஃப்சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்களாக வெளிவந்தது. டிஎன்எஸ் (டொமைன் நேம் சிஸ்டம்) என்னும் பெயர் முறை பிறந்தது.

கலெக்டருக்கு மாவட்டத்தின் ஒவ்வொரு வீடும் தெரிய வேண்டியதில்லை. எந்தத் தாசில்தாரைக் கேட்பது என்று தெரிந்தால் போதும். தாசில்தார் கிராம நிர்வாக அலுவலரைக் காட்டுவார். டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். உச்சியில் இருக்கும் வேர் சர்வர், 'எட்யூ' என்று முடியும் பெயர்களுக்கு யாரைக் கேட்பது என்று மட்டும் சொல்லும். அந்த சர்வர் பல்கலைக்கழகத்தைக் கைகாட்டும். தன் கணினிகளின் பெயரும் எண்ணும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கிடைத்த பதிலைக் கேட்டவர் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கெடு முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும். அதனால் பழைய எண் காலமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்காது.

1984-ல் பெர்க்லி மாணவர்கள் நால்வர் யூனிக்ஸுக்காக 'பைண்ட்' என்ற டிஎன்எஸ் மென்பொருளை எழுதினார்கள். 1985 மார்ச் 15-ல் முதல் 'டாட் காம்' பெயராக சிம்பாலிக்ஸ்.காம் பதிவானது. 1987 டிசம்பரில் கணினிகளின் எண்ணிக்கை 28,174. பழைய கோப்பை நம்பியிருந்தால் வலை மூச்சுத் திணறியிருக்கும்.

அப்படியானால் அந்தக் கோப்பு ஒழிந்ததா? இல்லை. உங்கள் லினக்ஸ் கணினியில் 'இடிசி' அடைவிலும், விண்டோஸில் 'சிஸ்டம்32' அடைவின் உள்ளேயும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் கணினி முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் டிஎன்எஸ்ஸைக் கேட்கும். அதில் ஒரு வரி எழுதினால் அந்தக் கணினிக்கு மட்டும் அதுவே சட்டம். புதிய இணையதளத்தை ஊருக்குக் காட்டும் முன் சோதிப்பவர்களுக்கும், விளம்பரங்களை அடைப்பவர்களுக்கும் அது கைகொடுக்கிறது. வங்கியின் பெயருக்கு எதிரே தங்கள் எண்ணை எழுதிவைக்கும் வைரஸ்காரர்களுக்கும் அதே சலுகை!

பட்டியல் விட்டுச்சென்ற சொத்து இன்னொன்றும் உண்டு. பெயரில் ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு மட்டுமே வரலாம் என்று 1974-ல் போட்ட விதியை டிஎன்எஸ் உலகமும் சுமந்து வந்தது. அந்த வேலியைத் தாண்டி 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்ற தமிழ்ப் பெயர்கள் வேர் சர்வருக்குள் எப்படி நுழைந்தன? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)